எண் போட்ட கற்கள்

பாறசாலை,
18-1-1954

கிறிஸ்துவுக்குள் அன்பான தங்கை கிருபாபாய்க்கு,

நேற்று ஆராதனை முடிந்ததும் கூடிய வடக்கெல்லைத் தமிழர் கமிட்டி, இப்பகுதியின் வரலாற்றில் நிலைத்து நிற்கப்போகும் முடிவு ஒன்றை எடுத்தது. சோமனுடைய கடையில் உறுப்பினர்கள் இனிமேல் உட்கார்ந்து சாயா குடிப்பதில்லை. சோமன் தன் கடைப் பலகையில் தமிழை அழித்துவிட்டு மலையாளத்தில் மட்டும் எழுதிவைத்ததே காரணம். தீர்மானத்தின் முதல் வடிவில் ‘உட்கார்ந்து’ என்ற சொல் இல்லை. தலைவர் வேலாயுதன் அண்ணாச்சிக்கு விடிந்ததும் சாயா உள்ளே போகாவிட்டால் எந்தத் தீர்மானத்தையும் முன்மொழிய முடிவதில்லை என்பதும், பக்கத்தில் வேறு கடை இல்லை என்பதும் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டன. நின்றுகொண்டு குடிப்பது ஆதரவு ஆகாது என்ற விளக்கத்துடன் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. செயலாளர் என்ற முறையில் நானே போய் சோமனுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “செரி, நிண்ணு குடியுங்க. பெஞ்சுல எனக்கு விறகு அடுக்க இடமாச்சு” என்றான். எதிர்த்தரப்பின் மனநிலை இப்படி இருக்கிறது.

இனி உன் விஷயம். உன் பேராசிரியரின் கடிதம் கிடைத்தது. கடைசி ஆண்டுக்குப் போகும் மாணவர்கள் எல்லாரும் ஒரு பகுதியின் பாறைகளை நடந்து பார்த்து வரைபடம் போட்டுத் தர வேண்டும் என்றும், பையன்கள் சேலம் பக்கத்து மலைகளில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள் என்றும், பெண்ணை அங்கே அனுப்பக் கல்லூரி சம்மதிக்காது என்றும் எழுதியிருக்கிறார். நீ சொந்த ஊரில், காப்பாளரின் பாதுகாப்பில் அந்த வேலையைச் செய்யலாம். அப்பா காலமானதால் காப்பாளர் நான். நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அண்ணன் என்ற முறையில் உடனே போட்டிருப்பேன். செயலாளர் என்ற முறையில் கொஞ்சம் யோசிக்க வேண்டியதாயிற்று. ராஜ்யங்களைத் திருத்தி அமைக்கும் கமிஷனுக்கு, நெய்யாறு வரைக்கும் உள்ள பகுதியைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கக் கேட்டு, நாங்கள் ஒரு மகஜர் தயாரிக்கிறோம். மொழி, ஜனத்தொகை, கோயில், சபை எல்லாவற்றுக்கும் அனுபந்தம் இருக்கிறது. விஞ்ஞானத்துக்கு இல்லை. நெய்யாறு வரைக்கும் உள்ள பாறை தமிழ்ப் பாறையே என்று பூகர்ப்ப சாஸ்திரப்படி நிறுவி நீ ஓர் அனுபந்தம் எழுதித் தர வேண்டும். தருவேன் என்று ஒரு வரி எழுது. கையெழுத்து அடுத்த தபாலில் வரும்.

அம்மா நலம்.

அன்புடன்,
சுந்தரதாஸ்

---

சென்னை,
30-1-1954

அன்புள்ள அண்ணனுக்கு,

நம் வீட்டுக் கிணற்றின் அடியில் கறுப்பும் சிவப்புமாகக் கோடு கோடாகத் தெரிகிறதே, அதே பாறைதான் தெற்கேயிருந்து வடமேற்காகப் போகிறது. நெய்யாற்றைக் கண்டு அது நிற்பதில்லை. ஆற்றுக்கு அடியில் போய், அக்கரையில் ஏறி, திருவனந்தபுரத்தையும் கொல்லத்தையும் தாண்டிப் போகிறது. பாறையை வைத்து வாதாடினால் கமிஷன் கொல்லத்தை உங்களுக்குத் தரலாம், அல்லது கன்னியாகுமரியை அவர்களுக்குக் கொடுத்துவிடலாம். எது சுலபம் என்று அவர்கள் யோசிப்பார்கள்.

இந்தப் பாறை உருவான காலத்தில் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை, மீனும் இல்லை.

ஆனாலும் அனுபந்தம் எழுதித் தருகிறேன். ஏன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். வரைபடம் இல்லாதவர்களைத் தேர்வு எழுத விடமாட்டார்கள். என் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். மூன்று வருஷமாக எனக்கு மட்டும் தனியாக ஒரு மூலையில் மேஜை போட்டிருக்கிறார்கள். அதிலிருந்தே முதலிடம் வாங்கியிருக்கிறேன். தேறினால் இங்கேயே பரிசோதனைக்கூடத்தில் டெமான்ஸ்டிரேட்டராக எடுத்துக்கொள்வதாகப் பேராசிரியர் சொல்லியிருக்கிறார். உங்கள் கையெழுத்து இல்லாவிட்டால் இதில் எதுவும் இல்லை. ஆகையால் பாறை என்ன சொல்கிறதோ அதை எழுதித் தருகிறேன். அதை எங்கே நிறுத்துவது என்பதைக் கமிட்டி பார்த்துக்கொள்ளட்டும்.

அம்மாவுக்கு என் அன்பு.

கிருபா

---

பாறசாலை,
9-3-1954

அன்பான தங்கைக்கு,

உன் கடிதம் கமிட்டியில் வாசிக்கப்பட்டது. மீனைப் பற்றிய வாக்கியத்தை விட்டுவிட்டு வாசித்தேன். பாறை கொல்லம் வரைக்கும் போவது குறித்து உறுப்பினர்கள் கவலை தெரிவித்தார்கள். வேலாயுதன் அண்ணாச்சி, “போவுதுண்ணா போவட்டு. அங்க நமக்கு ஆளு உண்டா? இல்ல. அப்ப நெய்யாத்தோட நிறுத்திக்கிடச் சொல்லு” என்றார். தற்போதைக்குப் பாறை நெய்யாறு வரைக்கும் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என்று தீர்மானமாயிற்று.

கையெழுத்துப் போட்டு உன் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டேன். விடுமுறை விட்டதும் வந்துவிடு. மகஜரை இங்கிலீஷில் மாற்ற இங்கே சரியான ஆள் இல்லை. உனக்கு ஒரு வார வேலைதான். பிறகு நீயும் உன் சுத்தியலும் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

சுந்தரதாஸ்

---

பாறசாலை,
30-8-1954

அண்ணனுக்கு,

யோசுவா மாமாவின் பெரம்பூர் விலாசத்துக்கு எழுதுகிறேன். நீங்கள் அங்கே பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டதாக, உங்களைக் கொண்டுவிட்டுத் திரும்பிய ஈசாக் சொன்னான். புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் நம் ஆட்கள் மேல் போலீஸ் சுட்டதற்குப் பிறகு இங்கே சாலையில் நாய்கூடத் தனியாகப் போவதில்லை. நீங்கள் போனது சரிதான். நானும் அப்போதே ரயில் ஏறியிருக்க வேண்டும்.

ஏறாததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். ஒரு வார வேலை ஏப்ரலையும் மே மாதத்தையும் ஜூனையும் தின்றது. கமிட்டி ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்தியது. நான் ஒவ்வொரு திருத்தத்தையும் இங்கிலீஷில் மாற்றினேன். மழையில்தான் பாறைகளைப் பார்க்கப் போக முடிந்தது. பேராசிரியர் செப்டம்பர் வரைக்கும் தவணை கொடுத்தார். பொழியூர்க் கடற்கரையிலிருந்து காரக்கோணம் வரைக்கும், வடக்கே கோட்டுகால் வரைக்கும் நடந்தேன். வரைபடம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

போன திங்கட்கிழமை போலீஸ் வந்தது. உங்களைத் தேடித்தான் வந்தார்கள். உங்கள் அலமாரியில் போராட்டத் தலைவர்களுக்கு நீங்கள் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த வாழ்த்துப் பாக்கள் கிடைத்தன. இன்ஸ்பெக்டர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார். பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த என் சாக்கை இழுத்தார்கள்.

என் மாதிரிக் கற்கள். ஒவ்வொன்றும் செய்தித்தாளில் பொதிந்து, வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டது. இன்ஸ்பெக்டர் ஒன்றைப் பிரித்து, “இது எந்தா?” என்றார். மாதிரிக் கல் என்றேன். எதற்கு மாதிரி என்றார். பாறைக்கு என்றேன். அவர் அதைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். மாதிரிக் கல் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பாடப்புத்தகத்தின் முதல் விதி. எறிகிற கல்லுக்கும் அதே விதி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் ஏட்டு கிருஷ்ணன்குட்டியைப் பார்த்து, “நம்பர் போட்டிருக்கு, கண்டோ? அப்ப ஆளுக்கு ஒண்ணு” என்றார்.

வரைபடத்தையும் விரித்தார்கள். கல் எடுத்த இடத்திலெல்லாம் அதே எண்ணைக் குறித்திருக்கிறேன். பொழியூரில், காரக்கோணத்தில், கோட்டுகாலில். எந்தக் கல் எங்கே எறியப்பட வேண்டும் என்ற திட்டம் அவருக்கு ஒரு பார்வையில் விளங்கிவிட்டது. இவ்வளவு ஒழுங்கான கலவரத்தைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று சொன்னார். அதில் கொஞ்சம் மரியாதையும் இருந்தது.

சாக்கு, வரைபடம், சுத்தியல், காம்பஸ் எல்லாம் ஸ்டேஷனில் இருக்கின்றன. கலவரத்துக்குத் தயாரிப்பு என்று கேஸ். என்னை ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். தாலுகாவை விட்டு வெளியே போகக்கூடாது. திங்கட்கிழமைதோறும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். தாலுகாவுக்குள் எங்கும் போகலாம் என்பது உத்தரவு. குன்றுப் பக்கம் தலை காட்டக்கூடாது என்பது இன்ஸ்பெக்டரின் வாய்ச்சொல்.

வீடு கமிட்டிச் செயலாளர் பெயரில் இருப்பதால் கல்லும் செயலாளருடையது, இல்லை என்றால் செயலாளரே எழுதித் தரட்டும் என்கிறார். ஆகவே நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். இந்தக் கற்கள் என் தங்கையின் படிப்புக்கானவை, எனக்கோ கமிட்டிக்கோ இவற்றோடு சம்பந்தம் இல்லை. இவ்வளவு போதும். அக்டோபரிலாவது நான் வகுப்பில் இருக்க வேண்டும்.

கிருபா

---

சென்னை,
21-9-1954

அன்பான தங்கைக்கு,

உன் கடிதம் மிகவும் பயன்பட்டது.

சென்ற சனிக்கிழமை கடற்கரையில் நடந்த ஆதரவுக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள். எல்லையில் நடப்பதை நேரில் கண்டவன் நான் ஒருவனே. என்ன பேசுவது என்று முந்தின நாள் வரை தெரியாமல் இருந்தது. அப்போதுதான் உன் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். “எங்கள் வீட்டுக் கல்லுக்கும் எண் உண்டு. கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழன் உண்டு” என்றேன். அடுத்த வாக்கியத்துக்குப் போகவே விடவில்லை. அவ்வளவு கைதட்டல். இரண்டு மாலைகள் போட்டார்கள். இரண்டாவதைத் தலைவருக்கே திருப்பிப் போட்டேன். அது நன்றாக அமைந்தது என்று பிறகு சொன்னார்கள். ஒரு வாரப் பத்திரிகை பேச்சை முழுதும் வெளியிட்டிருக்கிறது. பிரதி ஒன்று அனுப்பியிருக்கிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை. பாதுகாப்புக்காகத்தான்.

உன் கல்லூரிக்கும் போனேன். பேராசிரியர் நல்ல மனிதர். காப்பி வரவழைத்துக் கொடுத்தார். உன் மூலை மேஜையைக் காட்டினார். அன்றைக்குத்தான் பையன்கள் கூடாரம், பாத்திரம் எல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு இரண்டாம் தடவையாகச் சேலத்துக்குப் புறப்பட்டார்கள். ஒருவன் என்னிடம் வந்து, அந்தக் கற்களைப் பற்றிப் பேசியவர் நீங்கள்தானே என்று கை குலுக்கினான்.

நீ கேட்ட கடிதத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். மதுரை, திருச்சி, கோயம்புத்தூரில் கூட்டங்கள் இருக்கின்றன. அவை முடியட்டும். அவசரப்படாதே.

சுந்தரதாஸ்

---

பாறசாலை,
18-10-1954

அண்ணனுக்கு,

நீங்கள் அனுப்பிய பிரதி தேவைப்படவில்லை. இன்ஸ்பெக்டரிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அவருக்குத் தமிழ் நன்றாகவே வாசிக்க வரும். திங்கட்கிழமை கையெழுத்துப் போடப் போனபோது எனக்காக உரக்க வாசித்தார். “கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழன் உண்டு” என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தார். அதுவரைக்கும் அது அவருடைய சந்தேகம்தான். இப்போது செயலாளரே ஆயிரம் பேருக்கு முன்னால் சொன்ன வாக்குமூலம்.

பிறகு, பதினேழாம் கல் யாருக்கு உள்ளது என்று கேட்டார். அது கோட்டுகால் குன்றின் கிழக்குச் சரிவு, கார்னெட் என்ற சிவப்பு மணிகள் அதிகமாக உள்ள பாறை என்று சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார். கோட்டுகாலில் விசாரிக்க ஆள் போயிருக்கிறது.

பேராசிரியர் ஒரு சான்று அனுப்பினார், முத்திரையோடு. பேராசிரியர் சென்னை ராஜ்யத்துக்காரர், ஆகவே ஒருபக்கச் சார்புள்ளவர் என்று அதைத் தள்ளிவிட்டார்கள். நடுநிலையான கருத்து வேண்டும் என்று இரண்டு கற்களைத் திருவனந்தபுரத்தில் ஏதோ ஓர் ஆபீசுக்கு அனுப்பினார்கள். பதில் வந்துவிட்டது. அனுப்பப்பட்டவை கற்கள் என்று உறுதிசெய்யப்படுகிறது. அதைக் கேஸ் கட்டில் சேர்த்திருக்கிறார்கள், அவர்கள் தரப்புக்கு ஆதாரமாக.

வாரத்தில் மூன்று நாள் கிருஷ்ணன்குட்டி வந்து நான் இருக்கிறேனா என்று பார்க்கிறார். பலா மரத்தடியில் உட்காருவார். அம்மா மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொடுப்பாள். நேற்று, அம்மா உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னார்: “கொச்சே, இந்தக் கல்லெல்லாம் படிக்கதுக்காக்கும்ணு எனக்குத் தெரியும். நான் தெரிஞ்சு என்ன செய்ய? எனக்கு மேல சாரு உண்டு. சாருக்கு மேல வேற சாரு உண்டு.” அப்போ நான் என்ன செய்ய என்று கேட்டேன். “எங்கயும் போவாம இரு. நீ இங்க இல்லண்ணா எனக்காக்கும் கெடுதல்” என்றார். போகும்போது வேலிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

எழுந்ததும் கிணற்றுக்குப் போகிறேன். பிறகு அடுப்படி. பிறகு வேலி வரைக்கும். வேலியிலிருந்து காரக்கோணம் பக்கத்துப் பாறை தெரியும். அதன் தென்மேற்குச் சரிவை நான் இன்னும் அளக்கவில்லை. வரைபடத்தில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், கண்ணால் அளந்துவிடலாம் என்பது போல.

சர்ச்சில் என் பக்கத்து இடம் காலியாகவே இருக்கிறது. கமிட்டிக்காரர்கள் கேஸ் உள்ளவள் என்று ஒதுங்குகிறார்கள். மற்றவர்கள் கமிட்டிக்காரனின் தங்கை என்று ஒதுங்குகிறார்கள்.

திருச்சிக் கூட்டம் முடிந்திருக்கும். கடிதம் எழுதுங்கள்.

கிருபா

---

சென்னை,
6-12-1954

அன்பான தங்கைக்கு,

உன் கோரிக்கை, இங்கே தங்கியிருக்கும் கமிட்டி உறுப்பினர்களின் கூட்டத்தில் பரிசீலிக்கப்பட்டது. இரண்டு சிக்கல்கள் எழுந்தன.

முதலாவது, கமிஷனின் விசாரணை முடியும் முன் நாம் சொன்னதை நாமே மறுத்தால் மகஜரில் மற்ற விஷயங்களும் பொய்யென்று ஆகிவிடும். இதற்கு உறுப்பினர்களில் பெரும்பாலோர், தங்கைக்காக ஒரு விதிவிலக்கு அளிக்கலாம் என்று பெருந்தன்மையோடு கூறினார்கள்.

இரண்டாவது சிக்கல் பெரியது. நெய்யாற்றுக்குத் தெற்கே திருவிதாங்கூர்-கொச்சி அரசின் அதிகாரத்தை இனி ஏற்பதில்லை என்று போன மாதம்தான் தீர்மானம் போட்டிருக்கிறோம். அப்படியிருக்க, அந்த அரசின் இன்ஸ்பெக்டரை விலாசமிட்டுச் செயலாளர் கடிதம் எழுதுவது எப்படி? நீண்ட நேரம் பேசி ஒரு வழி கண்டோம். ‘சென்னை ராஜ்யம், நெய்யாற்றின்கரை தாலுகா, போலீஸ் ஆய்வாளர் அவர்களுக்கு’ என்று விலாசமிட்டு, நீ கேட்டபடியே எழுதி அனுப்பியிருக்கிறேன். அப்படி ஓர் அதிகாரி இன்று இல்லை என்பதை அறிவோம். விரைவில் வருவார்.

இனி எழுதுவது செயலாளர் எழுதுவதல்ல.

கிருபா, ஊரில் நான் கொப்பராக் கடையில் கணக்கு எழுதுகிறவன். என்னைக் கேட்டு யாரும் எதுவும் செய்ததில்லை. கமிட்டியில்கூட, எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றுதான் செயலாளர் ஆக்கினார்கள். இங்கே என்னை யாரும் சுந்தரதாஸ் என்று கூப்பிடுவதில்லை. கல் சுந்தரதாஸ் என்கிறார்கள். ரயிலில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அந்தக் கற்கள் ஒரு பெண்பிள்ளையின் பாடக் கற்கள் என்று நான் எழுதிக் கொடுத்து, அது பத்திரிகையில் வந்தால், அந்த இடத்தில் நான் மறுபடி உட்கார முடியாது.

எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. எழுதியாயிற்று, அனுப்பியுமாயிற்று. எனக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு அம்மாவிடம் என் அன்பைச் சொல்.

அண்ணன்

---

பாறசாலை,
12-1-1955

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் தபால்காரர் கையில் பத்து நாள் சுற்றியது. சென்னை ராஜ்யத்து நெய்யாற்றின்கரையை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் உறையின் மேல் எழுதியிருந்ததை வாசித்தார். திறக்கவில்லை. “இது எனக்கு உள்ளதில்ல. அடுத்தவனுக்கு வந்த தபாலைப் பிரிச்சா அது குற்றமாக்கும்” என்று என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். உறையின் மேலட்டையை மட்டும் ஒரு நகல் எடுக்கச் சொன்னார். அரசை ஏற்காததற்கு ஆதாரமாக அதுவும் கட்டில் சேர்ந்துவிட்டது. கேஸை மறுபடி தள்ளிப் போட்டிருக்கிறார்கள். ஜாமீன் நிபந்தனை அப்படியே தொடர்கிறது.

உறையை வீட்டில் நான்தான் பிரித்தேன். உள்ளே நீங்கள் எழுதியிருப்பது மிகச் சரியாக இருக்கிறது. ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம். வெளியே மட்டும் மாற்றினால் போதும். அதை நான் மாற்றிக் கொடுத்தால் செல்லாதாம், உங்கள் கையால் தபாலில் வர வேண்டுமாம்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எனக்கு எழுதியதிலிருந்து, ரயிலில் இடம் கொடுத்த கதையையும் வாசித்தேன். கேட்டுவிட்டு நெடுநேரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, இதை நான் சொன்னபடியே எழுது என்றாள்: “எலே சுந்தரம், நீ தமிழ்நாடு கேளு, டில்லி கேளு, நான் தடுக்கல்ல. இந்தப் பிள்ளை ஒரு பஸ்ஸுல ஏறணும். அதுக்கு உனக்கு ஒரு கவரு மேல நாலு வரி எழுத முடியல்லியா? எழுதாம நீ வீட்டுக்கு வராதே. வந்தா உனக்கும் நிண்ணுதான் சாயா.”

நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருக்கிறது. இம்மாத முடிவுக்குள் நான் வரைபடத்தோடு வராவிட்டால் தேர்வுப் பட்டியலில் என் பெயர் இருக்காது என்று பேராசிரியர் எழுதியிருக்கிறார். பட்டியல் அவர் கையில் இல்லையாம். அது ஏதோ ஒரு கமிட்டி.

இங்கே இருக்கிற அரசின், இங்கே இருக்கிற இன்ஸ்பெக்டருக்கு எழுதுங்கள். உங்களுக்குப் பிடிக்காத அரசாக இருந்தாலும் பூட்டு அவர்களுடையது.

கிருபா

---

சென்னை,
14-3-1955

அன்பான கிருபா,

எழுதிவிட்டேன். லெட்டர்ஹெட் இல்லாமல், வெள்ளைத்தாளில், திருவிதாங்கூர்-கொச்சி என்றே விலாசமிட்டு. செயலாளர் என்று போடவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. பிப்ரவரியில் தூத்துக்குடிக் கூட்டத்தில் நான் பேசுவதாகச் சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். அதற்கு முன்னால் எழுதினால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. கூட்டத்துக்கு அதிகம் பேர் வரவில்லை. கற்களைப் பற்றிச் சொன்னேன். ஒருவர் எழுந்து, இதைப் போன தடவையே கேட்டோம் என்றார்.

நேற்று உன் கல்லூரிக்குப் போனேன். பேராசிரியர் பழையபடியே மரியாதையாக நடந்துகொண்டார், காப்பி கொடுத்தார். பட்டியல் ஜனவரியிலேயே போய்விட்டது என்றார். அடுத்த வருஷம் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் இன்னொரு காப்பி கொண்டுவரச் சொன்னார். உன் மேஜையில் இப்போது தராசு ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

அம்மா கோபமாக இருக்கிறாளா?

சுந்தரம்

---

பொழியூர்,
20-6-1955

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் இன்ஸ்பெக்டருக்குக் கிடைத்தது. வாசித்துவிட்டு, “இத அண்ணைக்கே சொல்லியிருந்தா அண்ணைக்கே விட்டிருப்பேனே” என்றார். உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஏப்ரல் கடைசியில் கேஸைத் தள்ளுபடி செய்தார்கள். இப்போது நான் எந்தத் தாலுகாவுக்கும் போகலாம்.

சாக்கைக் கிருஷ்ணன்குட்டி தலையில் சுமந்து கொண்டுவந்து வைத்தார். பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்று நடுவில் ஸ்டேஷன் முழுவதையும் கழுவினார்களாம். தனக்கும் அதில் பங்கு உண்டு என்று சங்கடத்தோடு சொன்னார். கற்களையும் சோடாக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். எண்கள் போய்விட்டன. மிகவும் சுத்தமாக இருக்கின்றன. எங்கே எடுத்தது என்று தெரியாத கல்லை நிலவியலில் யாரும் வைத்துக்கொள்வதில்லை. சிலவற்றை என்னால் பார்த்ததும் அடையாளம் சொல்ல முடிந்தது. சிலவற்றை முடியவில்லை. வரைபடத்தில் நடுவாக, நெய்யாற்றின் மேலேயே, கோர்ட்டு முத்திரை விழுந்திருக்கிறது.

வேலாயுதன் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். கமிஷன் அறிக்கை வரப் போகிறது, அனுபந்தம் எங்கே என்று கேட்டார். கொடுத்தேன். நெய்யாறு வரைக்கும்தான் எழுதியிருந்தேன்.

நான் இந்த மாதம் பொழியூர் சபைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறேன். நாலாம் வகுப்புக்குப் பூகோளமும் பெண்பிள்ளைகளுக்குத் தையலும். பள்ளிக்கூடத்தின் மேற்குச் சுவரைப் போன மழையில் கடல் எடுத்துக்கொண்டது. ஆகவே பாடம் நடக்கும்போது அலையைப் பார்க்கலாம்.

அம்மா கோபமாக இல்லை. ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வரச் சொன்னாள்.

கிருபா

பி.கு.: பேராசிரியர் எழுதியிருந்தார். இந்த ஆண்டு முதல் அந்த வகுப்பில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று கல்லூரி முடிவு செய்திருக்கிறது.